பெண்ணழைப்பு அன்று பின்னால் உருண்ட பிக்கப்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும், ஐ.டி.ஐ. முடித்து வந்திருக்கும் இரண்டு தங்கைகளுக்கும் எழுதுகிறேன்.

பின்சக்கர டிரம் பிரேக் பற்றியும் ஹேண்ட் பிரேக் பற்றியும் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். டிரம்மை எப்படிக் கழற்றுவது, ஸ்பிரிங்கை எப்படி மாட்டுவது என்பதெல்லாம் கம்பெனிப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. அதையே நானும் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், எழுதும்போதே எனக்கும் தூக்கம் வரும். அதனால் புத்தகத்தில் இல்லாததைச் சொல்கிறேன். நான் போட்ட பிரேக்கால், என் மகளின் பெண்ணழைப்பு அன்று, நாதஸ்வரமும் தவிலும் முழங்க, என் சம்பந்தியின் நெஞ்சில் கைவைத்து நானே அவரைக் கீழே தள்ளினேன். தெருவே பார்த்தது. கல்யாண வீடியோவிலும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என் பேத்தி அந்த இடத்தை மட்டும் மூன்று முறை போட்டுக் காட்டுவாள்.

அப்போது ஆம்பூரில் பைபாஸ் ஓரத்துப் பட்டறை ஒன்றில் நான் தலைமை மெக்கானிக். எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழுமலை என்ற என் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் பயன்பட்டது. வேலையில் எனக்குத் திமிர் உண்டு. வண்டி கேட்டுக்குள் நுழையும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பத்தில் ஏழு சரியாக இருக்கும். மீதி மூன்றை நான் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பரிமளா என்று ஒரு வாடிக்கையாளர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். ஷூ கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டு, ஒரு பழைய பிக்கப் வாங்கித் தானே ஓட்டினார். சுற்றுக் கிராமங்களில் பெண்கள் தைத்து வைக்கும் ஷூ மேல்பாகங்களைச் சேகரித்துக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். மழையோ வெயிலோ, சொன்ன நேரத்துக்கு அந்த வண்டி போய் நிற்கும்.

அவர் பின்பிரேக் லைனிங் மாற்ற வந்த நாள்தான் என் மகள் சுகன்யாவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த நாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு சக்கரத்தைக் கழற்றுவேன், ஒருவருக்குப் பத்திரிகை கொடுப்பேன். இன்னொரு சக்கரத்தைக் கழற்றுவேன், சாப்பாட்டில் வடையா போண்டாவா என்று வெல்டரோடு சண்டை போடுவேன். இரண்டு பக்க டிரம்மையும் ஒரே நேரத்தில் திறந்து, இரண்டு பக்கத்துச் சாமான்களையும் ஒரே தட்டில் கொட்டி மண்ணெண்ணெயில் கழுவினேன். லைனிங் ஒட்டிய புது பிரேக் ஷூ போட்டேன். ஓட்டிப் பார்த்தேன். வண்டி கும்மென்று நின்றது.

"எப்டிமா இருக்குது?" என்று கேட்டேன்.

"சூப்பரா புடிக்குது மேஸ்திரி. கல்யாணத்துக்கு வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டுப் பரிமளா போனார்.

ஒரு வாரம் கழித்து வந்தார்.

"மேஸ்திரி, ஹேண்ட் பிரேக்கு நாளுக்கு நாள் மேல மேல வருது. இன்னும் நாலு நாள் போனா கூரைய தொட்டுடும்."

"புது ஷூ இல்லமா, இன்னும் டிரம்முல சரியா ஒக்காரல. அப்டித்தான் இருக்கும்."

வண்டிக்கடியில் படுத்து, கேபிளை இரண்டு சுற்று முறுக்கிவிட்டேன். வேலை இரண்டே நிமிஷம். ஹேண்ட் பிரேக் பழையபடி நான்கு 'கடக்'கில் பிடித்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் மறுபடியும் வந்தார். "திரும்ப மேல வந்துட்ச்சு. இப்ப கால் பிரேக்கும் கீழ போவுது. மொதல் மிதி காத்துல மிதிக்கற மாதிரி இருக்குது."

"நீங்க ஜாஸ்தி இழுக்கறீங்கமா."

"இன்னா மேஸ்திரி, பிரேக்குன்னு வச்சிருக்கறது இழுக்கறதுக்குத்தான? பொட்டு வச்சிக் கும்புடறதுக்கா?"

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் கேபிளைத்தான் முறுக்கினேன்.

தம்பிகளே, தங்கைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கேபிளை முறுக்குவது ஒரு ருசியான வேலை. சட்டை அழுக்காகாது, உடனே பலன் தெரியும், வாடிக்கையாளர் முகம் மலரும். ஆனால் டிரம்முக்குள்ளே ஷூ விலகிப் போயிருந்தால், கேபிளை முறுக்குகிறவன் கோளாறைச் சரிசெய்யவில்லை, மூடிவைக்கிறான். கேபிள் கடைசியாகத் தொட வேண்டிய சாமான். ஒரே குறை இரண்டாவது முறை வந்தால், வாய் பேசக் கூடாது. சக்கரம் கழன்றாக வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தவன்தான் அப்படிச் செய்தேன்.

மூன்றாவது முறை அவர் வந்தபோது கல்யாணத்துக்கு இரண்டு நாள். கேபிளில் முறுக்குவதற்கு மரையே மிச்சமில்லை. அப்போதுதான் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. ஆனால் ஒரு கையில் வாழை இலைக் கணக்கு, இன்னொரு கையில் செல்போன், சமையல்காரர் லைனில்.

"கல்யாணம் முடியட்டும்மா. ரெண்டு பக்கமும் தொறந்து பாத்துடறேன்."

"அதுக்கென்ன, பாத்துக்கலாம். சீர் சாமான் ஏத்தறதுக்கு வண்டி சொல்லிட்டீங்களா? என் வண்டியிலயே ஏத்திக்கலாம். பிரேக்கு போட்டவரே கூட வர்றப்ப எனக்கு இன்னா பயம்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

மாப்பிள்ளை வீடு சத்துவாச்சாரியில், மலையடிவாரப் பக்கம். என் சம்பந்தி தாமோதரன் ஜோலார்பேட்டையில் கூட்ஸ் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே மேட்டுத் தெரு ஒன்றில் வீடு கட்டியிருந்தார். ஏற்பாடு இதுதான்: சாயங்காலம் நான்கு மணிக்கு சீர் சாமான்களை அந்த வீட்டில் இறக்கிவிட்டு, எல்லோரும் மண்டபத்துக்குப் போவது.

பிக்கப்பில் கண்ணாடி வைத்த பீரோ, கட்டில், மெத்தை, தலையணை. ஆம்பூரிலிருந்து நான் பரிமளாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பட்டு வேட்டி, புதுச் சட்டை, பாக்கெட்டில் ரோஜாப்பூ. ஹைவேயில் சுங்கச்சாவடி வரும்போது பார்த்தேன், பரிமளா பெடலை ஒருமுறை மிதித்து, விட்டு, மறுபடியும் மிதித்து நிறுத்தினார். ஒரு மாதமாக அப்படித்தான் ஓட்டுகிறார் என்று புரிந்தது. முன்சக்கரத்து டிஸ்க் பிரேக் நன்றாக இருந்ததால் இரண்டாவது மிதியில் வண்டி நின்றது. "நாளைக்கு ஒரு நாள்தான். நாளான்னைக்குப் பாத்துக்கலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ரோஜாப்பூவைச் சரிசெய்தேன்.

சத்துவாச்சாரி தெருமுனையில் மேளக்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரர் ஒருவர், தவில்காரர் ஒருவர். பீரோ ஆடக் கூடாதென்று நானும் பின்னால் ஏறி அதைக் கட்டிப்பிடித்து நின்றேன். பெண் கார் எங்களுக்குப் பின்னால் வந்து தெருமுனையில் நின்றது. சாமான் இறக்க வசதியாக, பரிமளா வண்டியை மாப்பிள்ளை வீட்டைத் தாண்டி மேட்டில் ஏற்றி, பின்பக்கம் வீட்டைப் பார்க்கும்படி நிறுத்தினார். வீட்டு வாசலில் ஷாமியானா. ஆரத்தித் தட்டோடு பெண்கள், முன்னால் சம்பந்தி, தோளில் புதுச் சிவப்புச் சால்வை.

ஹேண்ட் பிரேக்கை அவர் இழுத்த சத்தம் மேளத்தையும் மீறி எனக்குக் கேட்டது. கடக், கடக், கடக்... எண்ணிக்கொண்டே போனேன். பதினொன்று. அதற்கு மேல் லீவரில் பல் இல்லை.

வண்டி நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நியூட்ரலில் விட்டுவிட்டு, "ஷாமியானாக்குள்ளயே ரிவர்ஸ் எடுக்கட்டுமா?" என்று கேட்கப் பரிமளா இறங்கினார். சரியாக அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், நல்ல வாட்டசாட்டம், கயிற்றை அவிழ்க்கப் பின்னால் தாவி ஏறினார்கள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு, மிகவும் மரியாதையாக, பின்னால் நகர ஆரம்பித்தது.

வேகம் ஒன்றுமில்லை. சாமி தேர் நகரும் வேகம். அதுதான் வினையாகப் போயிற்று, யாருக்கும் ஆபத்து என்றே தோன்றவில்லை. வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறார்கள், வரவேற்பு களைகட்டுகிறது என்று நினைத்து நாதஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பைத் துரிதப்படுத்தினார். தவில்காரர் விடுவாரா, அவரும் வெளுத்து வாங்கினார். வீடியோக்காரர் நல்ல காட்சி என்று குனிந்து எடுத்தார். ஆரத்திப் பெண்கள் இரண்டடி முன்னால்கூட வந்தார்கள்.

புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர். தாமோதரன். முப்பது வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவர் அல்லவா, ஆளில்லாமல் உருளும் வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. என்ன செய்தார் தெரியுமா? ஓடவில்லை. தோளிலிருந்த சிவப்புச் சால்வையை உருவி, வண்டிக்கு நேர் பின்னால் நடுத்தெருவில் நின்று, தலைக்கு மேல் தூக்கி வீசி வீசிக் காட்டினார்.

"நில்லு! நில்லு! நில்லு!"

பிக்கப்புக்குச் சிவப்புக் கொடி தெரியுமா?

எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. வண்டிக்குள் போய் பெடலை மிதிக்கலாமா? பரிமளா அதற்குள் கதவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார், அவர் என்னைவிடப் பக்கம். சக்கரத்துக்குக் கல் வைக்கலாமா? அவ்வளவு சுத்தமாகக் கூட்டிக் கோலம் போட்ட தெருவில் கல்லுக்கு எங்கே போவது? பின்னால் நின்று தள்ளிப் பிடிக்கலாமா? அந்தத் தப்பைச் செய்து கை கால் ஒடிந்தவர்கள் நம் தொழிலில் நிறைய. உருளும் வண்டிக்கு முன்னால் மனித உடம்பு முட்டுக்கட்டை ஆகாது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வண்டியை விட்டுவிட்டு ஆளை அப்புறப்படுத்துவது.

பக்கவாட்டில் குதித்தேன். வேட்டி கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. "தட்ட போட்டுட்டு ஓடுங்கமா!" என்று கத்தினேன். பெண்கள் சிதறினார்கள். சம்பந்தி மட்டும் அசையவில்லை. பணியில் இருக்கிறார்! அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து ஒரே தள்ளு. ஷாமியானா ஓரத்தில் ஜமக்காளங்களை மடித்துக் குவித்திருந்தார்கள். அதன்மேல் அவர் மல்லாக்க விழுந்தார். அவர்மேல் நான் விழுந்தேன்.

பரிமளா இருக்கையில் தாவி ஏறி பெடலை மிதித்தது தெரிந்தது. "மேஸ்திரி, காலு உள்ள போய்ட்ச்சு!"

சம்பந்தியின் மேல் படுத்தபடியே கத்தினேன். "வுட்டு மிதிமா! வுட்டுட்டுத் திரும்ப மிதி!"

இரண்டாவது மிதி. வண்டி நின்றது. ஆரத்தித் தட்டு ஒன்று பின்சக்கரத்துக்கடியில் அப்பளமாகியிருந்தது. சம்பந்தி நின்று சால்வை வீசிய இடம் வண்டிக்கடியில் இருந்தது. நின்ற குலுக்கலில் பீரோ கதவு மெல்லத் திறந்து, உள்ளே வைத்திருந்த இரண்டு தலையணைகள் சம்பந்தியம்மாவின் காலடியில் வந்து விழுந்தன. நாதஸ்வரக்காரர் ஒரு நீண்ட இழுப்பு இழுத்து முடித்து, கண்ணைத் திறந்து, பாராட்டை எதிர்பார்த்துச் சுற்றும் பார்த்தார்.

முதலில் பேசியவர் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"பொம்பள கையில வண்டிய குடுத்தா இப்டித்தான் ஆவும்."

பரிமளா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்தச் சித்தப்பாவின் பேச்சு எனக்கு ஒரு கணம் வசதியாக இருந்தது. காலையில் முகூர்த்தம். பெண் தெருமுனையில் காரில். பெண்ணின் அப்பன் போட்ட பிரேக்கு மாப்பிள்ளையின் அப்பனை ஏற்றிக் கொல்லப் பார்த்தது என்று தெரிந்தால் என்ன ஆகும்? வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், பழி தானாக அந்தம்மாவின் தலையில் போய் உட்கார்ந்துவிடும். தவில்காரர் குச்சியைக் கீழே வைக்கும் நேரம் அளவுக்கு நான் அதை யோசித்தேன். பிறகு எழுந்தேன்.

"அவங்க மேல எந்தத் தப்பும் இல்லீங்க. அந்த பிரேக்கு நான் போட்டது. ஒரு மாசமா மூணு வாட்டி வந்து சொன்னாங்க. நான்தான் தொறந்து பாக்கல."

ஜமக்காளக் குவியலில் உட்கார்ந்தபடியே சம்பந்தி கேட்டார். "நீங்க போட்டதா?"

"ஆமாங்க."

சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப கழட்டுங்க. பாக்கலாம்."

"இப்பவா? மண்டபத்துக்கு..."

"எங்க வேலையில பிரேக்கு புடிக்காத பொட்டிய அப்பறம் பாத்துக்கலாம்னு கெளம்ப மாட்டோம் சம்பந்தி. முகூர்த்தம் காலையிலதான. கழட்டுங்க."

அதற்குள் சுகன்யா காரிலிருந்து இறங்கி, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடேறி வந்துவிட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயம். பார்த்தால், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா, வேட்டியயாவது மாத்திட்டு பண்ணுங்கப்பா."

மாற்றவில்லை. வண்டியைக் கீழே சமதளத்துக்குக் கொண்டுபோய், முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, ஜாக்கி போட்டு ஏற்றினேன். கல்யாண வீட்டுக் கூட்டம் மொத்தமும் சுற்றி நின்றது. சமையல்காரர் கரண்டியோடு வந்தார். இரண்டு டிரம்மையும் கழற்றினேன். லைனிங் புதுசுபோல இருந்தது. எண்ணெய்க் கசிவு இல்லை. ஸ்பிரிங் நன்றாக இருந்தது. எல்லாம் சரி. ஆனால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உலகமகா மெக்கானிக், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு குந்தியிருக்கிறேன்.

பரிமளா பக்கத்தில் வந்து குனிந்தார். இடது சக்கரத்தைப் பார்த்தார். எழுந்து போய் வலது சக்கரத்தைப் பார்த்தார். மறுபடியும் இடதுக்கு வந்தார். ஷூ கம்பெனியில் அவருக்குப் பதினாறு வருஷமும் ஜோடி சேர்க்கும் மேசையில்தான் வேலை.

"மேஸ்திரி, இந்தத் திருகாணி ரெண்டும் ஜோடி மாறியிருக்குது."

"எது?"

"இதுல 'ஆர்'னு இருக்குது. இது லெஃப்ட் சக்கரம். அதுல 'எல்' இருக்குது."

அட்ஜஸ்டர். இரண்டு ஷூவுக்கும் நடுவில், பல் சக்கரம் வைத்த சின்னத் திருகு. லைனிங் தேயத் தேய அது தானாகத் திரும்பி, நீண்டு, ஷூவை டிரம்மின் பக்கத்திலேயே வைத்திருக்கும். இடது பக்கத்துக்கு ஒரு மரை, வலது பக்கத்துக்கு எதிர் மரை. பார்க்க இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டால் நீள வேண்டியது சுருங்கும். பிரேக் போடப் போட பிரேக் விலகும். பரிமளா ஒழுங்காக பிரேக் பிடித்த ஒவ்வொரு முறையும் என் வேலை இன்னும் கொஞ்சம் கெட்டிருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே தட்டில் கொட்டி, வடையா போண்டாவா என்று பேசிக்கொண்டே கழுவியது கண்முன் வந்தது.

"எங்க லைன்ல லெஃப்ட்டு ஷூவ ரைட்டுல போட்டா அன்னிக்கே நிறுத்தி வச்சிக் கேப்பாங்க" என்றார் பரிமளா. "உங்க ஷூவுக்கெல்லாம் லெஃப்ட்டு ரைட்டு பாக்க மாட்டீங்களா மேஸ்திரி?"

முதலில் சிரித்தது சுகன்யா. அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பிறகு சமையல்காரர். பிறகு சம்பந்தியம்மா, தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. எனக்கு அவமானத்தில்தான் தொடங்கியது, ஆனால் அது வயிற்றில் இறங்கிச் சிரிப்பாகி, நான் டிரம்மின் மேலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சம்பந்தி மட்டும் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். பிறகு அவரே சொன்னார்.

"நான் வண்டிய எங்க பாத்தேன்? பீரோ கண்ணாடியில நானே செவப்பு சால்வையோட என் மேல ஏற வர்றேன். எவன்டா இவன், நிக்க மாட்டேங்கறான்னுதான் கத்துனேன்."

அவ்வளவுதான். மாப்பிள்ளையின் சித்தப்பாவே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்ப் பரிமளாவிடம், "மன்னிச்சுக்கோமா, வாய் தவறிட்ச்சு" என்றார். "உங்க வாய்க்கும் ஒரு பிரேக்கு போட்டுக்குங்க. மேஸ்திரி கிட்ட மட்டும் குடுக்காதீங்க" என்றார் பரிமளா.

அட்ஜஸ்டர்களைப் பக்கம் மாற்றிப் போட்டேன். இந்த முறை ஒரு பக்கம் முடித்து மூடும்வரை மறுபக்கத்தைத் தொடவில்லை. குழப்பம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் அப்படியே இருக்க வேண்டும். இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள், என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்தாலும். ஷூவை டிரம்மோடு சரிசெய்துவிட்டு, இரண்டு முறை முறுக்கிய கேபிளைத் தளர்த்தி, கடைசியாக அதற்கு உரிய அளவுக்கு வைத்தேன்.

பரிமளா வண்டியை மேட்டில் ஏற்றினார். அதே இடம். ஹேண்ட் பிரேக். கடக், கடக், கடக், கடக். நியூட்ரல். இறங்கிவிட்டார். வண்டி மலைபோல நின்றது. அந்த இரண்டு பையன்களும் பின்னால் ஏறிக் குதித்தார்கள். தவில்காரரும் ஏறிக் குதித்தார். அசையவில்லை.

எனக்கு உயிர் வந்தது. வேட்டியில் கை துடைத்துக்கொண்டு திரும்பினால், சம்பந்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடேறி வருகிறார். வண்டிக்கு நேர் பின்னால், இரண்டு முழம் தள்ளி, நடுத்தெருவில் போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இன்னாங்க இது, எழுந்து வாங்க!" என்று சம்பந்தியம்மா பதறினார்.

"காபி கொண்டாரச் சொல்லு. ரெண்டு. இன்னொரு சேரும் போடச் சொல்லு." என்னைப் பார்த்தார். "ஒக்காருங்க சம்பந்தி. உங்க வேலதான?"

உட்கார்ந்தேன். பின்னங்கழுத்தில் அந்த வண்டி மூச்சுவிடுவதுபோல இருந்தது. மேலே பையன்கள் இன்னும் குதித்துக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க எங்கள் இருவரையும் பார்த்தது. வீடியோக்காரர் மறுபடியும் குனிந்தார். பரிமளா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, வண்டியைப் பார்க்காமல், என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். காபி வந்தது. சம்பந்தி டபராவில் ஊற்றி, உயர்த்தி, ஆற்றி, ஊதி, ஒவ்வொரு மடக்காக, மலையைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாகக் குடித்தார்.

அவ்வளவு சூடான காபியை நான் ஒரே மடக்கில் குடித்து முடித்தது வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.